முப்பத்தொரு பேரும் நானே

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இடுப்பு வலி குறைந்ததா, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரைக்குமாவது போகிறாயா, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறாயா பின்னால் போடுகிறாயா என்பதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுது. ஒரே ஊரில் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தங்கைக்குத் தபால் எழுதுகிற முதல் பைத்தியக்காரன் நானாகத்தான் இருப்பேன். வேறு என்னதான் செய்ய? உனக்குப் போனில் காது கேட்பதில்லை. மாப்பிள்ளை எடுத்தால், "சொல்றேன் மச்சான்" என்று வைத்துவிடுகிறார். என்ன சொல்கிறார் என்பது போன புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. உனக்கு உடற்பயிற்சி செய்துவிட வருகிற பெண் மருந்துக் கடையில் என்னைப் பார்த்து, "உங்க தெருவே பஸ் வேணாம்னு எழுதிக் குடுத்திருச்சாமே, உங்க தங்கச்சி கேட்டுட்டு அழுதாங்க. அண்ணனுக்கு வர இஷ்டமில்லேன்னா வர வேணாம், நான் ஒண்ணும் செத்துப்போக மாட்டேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை சொன்னது பொய்யில்லை. அச்சடித்த அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. அந்தத் 'தெரு' யார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நீ இருக்கிற பக்கம் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, அதனால் எங்கள் பக்கத்துக் கொடுமை உனக்குப் புரியாது. எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. நாற்பதில் கல்லூரிப் பிள்ளைகள், ஒன்று பூட்டிக் கிடக்கிறது, மிச்சம் நாங்கள். இங்கே எல்லோருக்கும் எப்போதும் பத்தொன்பது வயது. வருடா வருடம் எனக்குத்தான் ஒன்று கூடுகிறது, எதிர்வீட்டுக்காரனுக்குக் கூடுவதே இல்லை, ஏனென்றால் ஆளே மாறிவிடுகிறான். முகம் பழகி, பேர் பழகி, "சாப்டியாப்பா" என்று கேட்கிற அளவுக்கு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான். அடுத்து வருகிறவன் என்னைப் பார்த்து, "அங்கிள், இந்த ஏரியாவுக்குப் புதுசா?" என்கிறான். முடிவெட்டுகிறவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெட்டு. அதையே எனக்கும் வெட்டி அனுப்பினார், உன் அண்ணி ஒரு வாரம் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பரீட்சை வந்தால் ஜெராக்ஸ் கடைக் கூட்டத்தில் நடக்க முடியாது, லீவு விட்டால் பால் கடைகூட மூடிக்கொள்கிறது. முப்பத்தாறு வருடமாக இங்கே இருக்கிறேன், என்னை நான்கு வருடத்துக்கு மேல் தெரிந்த ஆள் இந்தத் தெருவில் உன் அண்ணி மட்டும்தான். அவளும் சில நாள் தெரியாத மாதிரி இருக்கிறாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பொறுக்க முடியாதது சர்வே. எந்தப் படிப்பு படித்தாலும் கடைசி வருடம் 'மக்களைச் சந்தித்து' ஒரு கட்டுரை எழுதியாக வேண்டுமாம். மக்கள் என்றால் பத்து வருடத்துக்குக் குறையாமல் குடியிருப்பவர்கள். இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட மக்கள் நானும் உன் அண்ணியும். அவள் கதவைத் திறக்க மாட்டாள். நான் திறப்பேன். அதனால் என் தூக்கத்தை அளந்திருக்கிறார்கள், பல்லை எண்ணியிருக்கிறார்கள், குப்பைக்கூடையைக் கவிழ்த்து எடை போட்டிருக்கிறார்கள். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவன் இரண்டரை மணி நேரம் கேட்டான், கடைசியில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது, அதையும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. முப்பத்து நான்கு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றவன் நான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று வாழ்நாளெல்லாம் கேட்டவன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லாமல் முழித்தால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

போன வருடம் நீல ஃபைல் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். 'பேருந்து எண் பதினேழும் குடியிருப்போர் கருத்தும்' என்று தலைப்பு. ஆமாம், உன் வீட்டுக்கு வருகிற அதே பதினேழுதான். நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்த வண்டி இல்லாவிட்டால் எனக்குச் செவ்வாயும் கிடையாது வெள்ளியும் கிடையாது, தங்கச்சியைப் பார்க்க அதில்தான் போகிறேன் என்றேன். அவள் முகம் தொங்கிவிட்டது. "அங்கிள், இந்த ஊர்ல ஜனங்க நடக்கத்தான் ஆசைப்படுறாங்கன்னு எங்க சார் முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு. நான் அதைத்தான் கண்டுபிடிக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா மார்க்குக்குத்தான் அங்கிள், யாரும் படிக்க மாட்டாங்க" என்றும் சொன்னாள். சரி என்று, வண்டி தேவையில்லை, நடந்தால் உடம்புக்கு நல்லது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதோடு விட்டதா? முப்பது பேருக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்களாம். முப்பது பேருக்கு அவள் எங்கே போவாள்? தெருவில் ஆள் இருந்தால்தானே? நான்கு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். மனசாட்சி உறுத்தக்கூடாது என்று ஒவ்வோர் ஆளுக்கும் நான் நாற்காலி மாறி உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற காவலராக சோபாவில், பால்காரராக வாசல்படியில், கல்யாணமாகாத இருபத்து நான்கு வயதுப் பெண்ணாக சன்னலோர ஸ்டூலில். அந்தப் பெண்ணாக உட்கார்ந்தபோது குரல்கூடக் கொஞ்சம் மெலிந்துவிட்டது. உன் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, உங்களுக்கு ஏதாவது ஆகிடுச்சா?" என்றாள். கணக்குத் தப்பி ஓர் ஆள் கூடுதலாகவே சொல்லிவிட்டேன். முப்பத்தொன்று.

யாரும் படிக்க மாட்டார்கள் என்றாளே, எல்லோரும் படித்தார்கள். அதற்குக் கல்லூரியில் பரிசு கொடுத்து, அச்சடித்து, போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பி வைத்தார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நிறுத்தத்தில் போய் நின்றேன். பன்னிரண்டுவரை நின்றேன். அப்புறம்தான் கம்பத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். 'குடியிருப்போரின் ஒருமனதான விருப்பத்திற்கிணங்க' வண்டியை நிறுத்திவிட்டார்களாம்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அதிகாரி நல்ல மனிதர், உட்காரவைத்து அறிக்கையைக் காட்டினார். "உங்க தெரு ஆளுங்கதான் சார் சொல்லியிருக்காங்க. ஒருத்தர்கூட வேணும்னு சொல்லலையே" என்றார். பக்கத்துக்குப் பக்கம் நான்தான் பேசியிருந்தேன். "அது அத்தனையும் நான்தாங்க" என்றேன். "முப்பத்தொரு பேருமா? இதுல பதினாறு பேர் லேடீஸ் சார்." "அதுவும் நான்தான்." தண்ணீர் வரவழைத்துக் கொடுத்து, வீட்டில் யாருடைய நம்பராவது இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "அறிக்கை தப்புன்னு அந்தப் பேராசிரியர் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், திங்கக்கிழமையே வண்டி ஓடும்" என்றார்.

பேராசிரியரிடம் போனேன். போகும்போது வழியெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு போனேன், அதை நீ நம்ப வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். பட்டமளிப்பு அங்கியில் அந்த நீல ஃபைல் பெண் நிற்கிறாள், பக்கத்தில் அம்மா. "ரெண்டு வருஷம் தேறாம இருந்த பொண்ணு சார். இந்தக் கட்டுரையாலதான் வேலையே கிடைச்சது. அவ சம்பளத்துலதான் வீடே ஓடுது" என்றார். "இதுல ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சாலும் பட்டத்தையே திருப்பி வாங்கிருவோம், அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கறார். நீங்க என்ன விஷயமா வந்தீங்க?" என்றார். "ரொம்ப நல்ல கட்டுரைங்க, அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீயே சொல், வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் நேரே கல்லூரிக்குப் போய்ச் சொல்லிவிடுவார், அந்தப் பெண்ணின் பட்டம் போய்விடும். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தே வந்துவிடுவது என்று கிளம்பினேன். முப்பத்தொரு தடவை நடை நல்லது என்று சொன்னவன் ஒரு தடவை நடக்கக்கூடாதா? கல்லூரி மதில்சுவர் இருக்கிறதே, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நிழல் கிடையாது. முட்டி பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். உடனே நாலைந்து பிள்ளைகள் ஓடிவந்து, வீடில்லாத முதியவர்களுக்குப் போர்வை கொடுக்கிறோம் என்றார்கள். எனக்கு வீடு இருக்கிறது தம்பி என்றேன். "இருபது பேர் வேணும், ஒரு ஆள் குறையுது அங்கிள்" என்றான் ஒருவன். போர்வையை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, வீட்டுக்குத் திரும்பினேன். உன் அண்ணி போர்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாங்கி மடித்து அலமாரியில் வைத்தாள்.

அப்புறம் கார் பிடித்தேன். இந்த ஊரில் கண்ணாடி போட்ட வயதானவன் காரில் ஏறினால் அவன் பேராசிரியர்தான் என்று எல்லோருக்கும் எண்ணம். டிரைவர் நான் சொன்ன விலாசத்தைக் காதிலேயே வாங்காமல் நேராகக் கல்லூரி விழா மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே யாரோ ஒரு சிறப்பு விருந்தினர் வர வேண்டியிருந்ததாம், கதவைத் திறந்து இறக்கி, சட்டையில் ஒரு பூவைக் குத்தி, மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் அவரில்லை என்று காதோடு சொன்னதற்கு, "அவர் வரலைன்னா எங்களுக்கு ரொம்பக் கேவலமாயிடும் சார், ஒரு பத்து நிமிஷம்" என்று கெஞ்சினார்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை பற்றிப் பேசினேன். நல்ல கைதட்டல். இறங்கி வருவதற்குள் நீ தூங்கப்போகிற நேரமாகிவிட்டது.

இதுதான் நடந்தது. ஐந்து வாரமாக நான் வராததற்குக் கோபமும் காரணமில்லை, மாப்பிள்ளையும் காரணமில்லை. இந்நேரம் உன் கண்ணாடியில் இடதுபக்கத் திருகு தளர்ந்து மூக்கில் சரிந்துகொண்டிருக்கும். வேறு யாரையும் முடுக்க விடாதே, கழன்றுவிடும். நீ பால்கனியிலிருந்து பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடன்பிறந்தவள் என்று எனக்கு நீ ஒருத்திதான். அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். இனிமேல் எந்த ஃபைல் வந்து வாசலில் நின்றாலும் கதவைத் திறக்க மாட்டேன். தப்பித் தவறித் திறந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன், எவன் பரீட்சையில் தோற்றாலும் சரி. உன் அண்ணியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "என் தலையை விடுங்க, உங்க தலையில அடிச்சுக்கோங்க" என்றாள். அப்படியே செய்தேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உன் இடுப்பு சீக்கிரம் தேறி, நீ எழுந்து நடமாடி, நூறு வருடம் என்னைத் திட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எப்படியாவது வந்து சேரப்போகிற உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது மணி அடித்தது. வேறொரு பெண், பச்சை ஃபைல். 'முதியோரும் உடன்பிறப்பு உறவும்' என்று தலைப்பு. முடியாது என்று சொல்லத்தான் கதவைத் திறந்தேன். கடந்த ஐந்து வாரத்தில் உடன்பிறந்தவர்களை எத்தனை முறை நேரில் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எத்தனை இருந்தால் உனக்கு நன்றாக இருக்கும் அம்மா என்று கேட்டேன். "எட்டுக்கு மேல இருந்தா ரொம்பச் சந்தோஷமா இருக்கும் அங்கிள்" என்றாள். எனக்கும்தான். பத்து என்று சொன்னேன். சரிபார்ப்பதற்கு உன் விலாசத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வந்து கேட்டால் நீயும் பத்து என்றே சொல்லிவிடு.