கேக்கில ஏறின காது

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. அஜின்கோர்ட்டில இருக்கிற கடைக்குப் போய்க் கேக் எடுக்கிறது.

மாமாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். மாமா எண்டால் மனிசியின்ர அப்பா. பழைய ஹொலிவுட் குட்டிக் காட்டூன் படமெண்டால் அவருக்கு உயிர். அந்தக்கால நடிகர்மாரைக் காதும் மூக்குமாப் பெருப்பிச்சுக் கீறி, விருந்துக்கு வந்து இறங்குற மாதிரிக் காட்டுவினமே, அதுகள்தான்.

ஓடுற படத்தை நிப்பாட்டிப்போட்டு என்னைக் கேப்பார், "உவர் ஆர், சொல்லும் பாப்பம்?"

எனக்குத் தெரியிறது காது மட்டும்தான்!

"பெருப்பிச்சுக் கீறினாத்தான் ஐசே, உண்மை முகம் தெரியும்," எண்டு தன்ர தலையில அடிப்பார். பதினைஞ்சு வருசமா அவர் வைச்ச சோதனை ஒண்டிலயும் நான் பாஸ் பண்ணேல்லை.

அதுதான் இந்தமுறை மாமாவையே அப்பிடிக் கீறின கேக் ஓடர் பண்ணினன். எப்பிடியாவது மனுசனிட்ட ஒரு நல்ல பேர் வாங்கோணும். கேக் செய்யிற அன்ரிக்கு வட்ஸ்அப்பில மாமாவின்ர படத்தை அனுப்பி, "படத்தில இருக்கிறவரைக் கீறுங்கோ, காதை நல்லாப் பெருப்பியுங்கோ" எண்டு எழுதினன்.

கடைக்குள்ள போகேக்க குளிருக்குத் தொப்பியை இழுத்து விட்டிருந்தன். அன்ரி என்ர முகத்தைப் பாத்திட்டுக் கேட்டா, "தம்பி, கேக்கில இருக்கிறது உங்கட அப்பாவோ? உங்கட சாயல் அப்பிடியே இருக்கு!"

"இல்லை அன்ரி, மாமா."

"ஓ, சொந்தத்துக்கதான் கட்டினனீங்களோ?"

பெட்டியைத் திறந்தன். சுளகு மாதிரிக் காது, நெத்தி நிறையத் திருநீறு, தோளில சால்வை. மாமா இல்லை. நான்!

"அன்ரி! நான் அனுப்பின படம் எங்க?"

"படம் ஒண்டும் வரேல்லையே தம்பி. 'படத்தில இருக்கிறவர்' எண்டு எழுத்துத்தான் வந்தது. வட்ஸ்அப்பில உங்கட பேருக்குப் பக்கத்தில இருக்கிற வட்டத்துக்க ஒரு வயசான ஐயா நிக்கிறாரெல்லே, அவரைத்தான் கீறினன்."

அது றிச்மண்ட் ஹில் கோயில் தேருக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகேக்க எடுத்த படம். எனக்கு நாப்பத்திமூண்டு வயசு!

போனைப் பாத்தன். மாமாவின்ர படம் போகாமல் அப்பிடியே நிக்குது.

"திருப்பிக் கீறேலாதோ?"

"ரெண்டு நாள் வேணும்."

கேக் வெட்ட இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. யூனியன்வில்லில மாமா வீடு போய்ச்சேருமட்டும் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு கார் ஓடினன்.

வீடு நிறையச் சனம். கேக்கை மேசையில வைச்சிட்டு மெல்லக் கதவடிக்கு நகந்தன். மாமா கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பாத்தார்.

"ஐசே!"

நான் கதவுப் பிடியில கையை வைச்சன்.

"அச்சு அசல் நான்தான்!"

மனுசன் ஓடிவந்து கட்டிப்பிடிச்சார். பதினைஞ்சு வருசத்தில முதல்தரம்! சத்தியமா எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

மனிசியாவது கண்டுபிடிப்பாள் எண்டு பாத்தன். "அப்பாவை உரிச்சு வைச்சிருக்கு!" எண்டாள். பதினைஞ்சு வருசமா என்னோட ஒரே வீட்டில இருக்கிறவள்.

பெருப்பிச்சுக் கீறினாத்தான் உண்மை முகம் தெரியுமெண்டு மாமா சொன்னது சரிதான்.

இப்ப என்ர வட்ஸ்அப் வட்டத்துக்க ஒரு செவ்வரத்தம்பூ மட்டும்தான் இருக்கு.