சாம்பல் மேட்டு பீட்ரூட்

தோற்றுப்போனால் ஒப்புக்கொள்ள எனக்குத் தெரியாது. என் புருஷன் இதைக் குறை என்பார். நான் இதைத் தகுதிகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவை, ஒலிபெருக்கியில் தேயிலைத் தோட்டமே கேட்க நான் தோற்றேன். அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

நாடே அரிசிக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. ஹட்டனில் நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். நோர்வூட் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தேன். ரேடியோவைத் திறந்தால் வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றார்கள். (போடலாம். லயத்துக்கு முன்னால் தண்ணி ஓடும் கான், பின்னால் தேயிலை. தலையிலா போடுவது?)

மலையில் வேலை பார்ப்பவர்களை மேய்க்கும் கண்டாக்கையாவிடம் போய் இடம் கேட்டேன்.

"தேயிலையில கை வைக்கக் கூடாது. வேணும்னா அந்தச் சாம்பல் மேட்டை எடுத்துக்க" என்றார்.

தேயிலை பெக்டரி அடுப்புச் சாம்பலைப் பல வருஷமாகக் கொட்டிய இடம் அது. ஆடுகூட அந்தப் பக்கம் மேயாது. நானோ ராஜ்யத்தை வென்றவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் கொழுந்துக் கூடையை இறக்கியபடியே கேட்டார். "அங்க லொறி பேட்டரிய உடைச்சு ஈயம் உருக்குனாங்களேடி. டயரும் எரிச்சாங்க. அந்த மண்ணுலயா?"

"சாம்பலாப் போனா எல்லாம் ஒன்னுதான் மாமி. சாம்பல்னா உரம். அதுலதானே பல்லே வெளக்குனோம்."

(சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் என்னை இரண்டு தடவையும் கைவிட்டிருந்தது. அந்தக் கோபமோ என்னவோ.)

போஞ்சி மஞ்சளாகிச் செத்தது. கரட் முளைக்கவே இல்லை. அதற்குப் பனியைக் குறை சொன்னேன். பீட்ரூட் மட்டும் குண்டு குண்டாக விளைந்தது. அதற்கு என்னைப் பாராட்டிக்கொண்டேன். முதல் அறுவடையை, கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். சும்மா கொண்டுபோய் வைத்திருக்கலாம். கோயிலிலிருந்து மைக் செட்டை வாங்கிவந்து கண்டாக்கையாவையும் கூப்பிட்டேன்.

"சாம்பலைக் குடுத்தாங்க, நாங்க அதுல சாப்பாட்டை விளைவிச்சோம்" என்று மைக்கில் தொடங்கினேன். கைதட்டினார்கள். அன்று பிள்ளைகளை நிறுக்க வந்திருந்த மிட்வைஃப் மிஸ் மட்டும் கூடையைக் குனிந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுவார்.

"இது எங்கை வளர்ந்தது?"

"சாம்பல் மேட்டுல மிஸ்."

"அங்கை முந்தி என்ன எரிச்சவை?"

"வெறும் விறகுதான் மிஸ்."

"பேட்டரியும் உருக்குனாங்க மிஸ்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். (சொந்த மாமியார்.)

மிஸ் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப பிள்ளையளுக்குக் குடுக்கேலாது. எரிச்சாலும் ஈயம் போகாது, மண்ணிலயே கிடக்கும். கிழங்கிலயும் இலையிலயும் ஏறும். சின்னப் பிள்ளையளின்ரை மூளையைத்தான் அது முதல்ல கெடுக்கும்."

புத்தியுள்ளவள் அந்த இடத்தில் மைக்கைக் கீழே வைத்திருப்பாள். நான் ஒரு பீட்ரூட்டை எடுத்தேன்.

"அப்ப நான் திங்கிறேன், எல்லாரும் பாருங்க" என்று பச்சையாகவே கடித்தேன். மற்றக் கையில் மைக் இருந்தது. மாடு கரும்பு தின்னும் சத்தம் மூன்று மலைக்குக் கேட்டதாம். வாய் நிறைய வைத்துக்கொண்டே, "எனக்கு ஒன்னும் ஆகல" என்று சொல்லப் பார்த்தேன். சிவப்புச் சாறு பீறிட்டுக் கண்டாக்கையாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"ஐயோ, ரத்தம் கக்குறா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மறுத்துப் பேச என் வாயில் இடமில்லை. நாலு பேர் என்னைத் தூக்கி டிராக்டரில் போட்டார்கள். டீசல் கிடைக்காத காலம். பெக்டரிக்கென்று பூட்டி வைத்திருந்த கடைசிக் கேனை எனக்காக ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டர் பஞ்சால் என் வாயைத் துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "பீட்ரூட் நேத?" என்றார். பீட்ரூட்தானே என்று கேட்கிறார். தலையாட்டினேன்.

கொழும்பில் வேலை பார்த்த என் புருஷன், மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு பதறி வந்து, நான் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்பதைத்தான் பார்த்தார்.

இரண்டு நாள் பீலிக்குத் தண்ணி பிடிக்கவும் போகவில்லை. மூன்றாம் நாள் மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒரு கடி கடிச்சதால ஒண்டும் ஆகாது. நாளாந்தம் திண்டாத்தான் பிழை" என்றவர், எழும்பும்போது சொன்னார், "உங்களுக்கு அந்த இடத்தைத் தந்தவையை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, என்ன?"

அதுவரை என் கோபமெல்லாம் மாமியார் மேலும் மைக் மேலும்தான் இருந்தது. அன்றுதான் அது சரியான விலாசத்துக்குத் திரும்பியது. மிஸ் விவசாய அதிகாரி மூலம் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். சாப்பிடும் பயிர் எதற்கும் இந்த மண் ஆகாது என்று கடிதம் வந்தது. அதையும் ஒரு பை பீட்ரூட்டையும் எடுத்துக்கொண்டு, லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரோடு ஒப்பீசுக்குப் போனேன். முன்னால் நடந்தது மாமியார்.

பையைத் தோட்டத்து மேனேஜரான துரையின் மேசையில் கவிழ்த்தேன். "சார், கண்டாக்கையா குடுத்தது நல்ல மண்ணுன்னா இதை உங்க வீட்டுல சமைங்க. இல்லேன்னா எங்களுக்கு வேற மண்ணு குடுங்க."

துரை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் ஒரு பீட்ரூட்டைக் கையில் எடுத்தேன்.

"வேணாம்மா, வேணாம்" என்று பக்கத்தில் நின்ற கண்டாக்கையா சட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்.

சாம்பல் மேட்டுக்கு முள்ளுக்கம்பி வந்தது. தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் தேயிலை பட்டுப்போன துண்டு நிலம் எங்களுக்கு வந்தது. மண்ணைச் சோதித்த பிறகுதான் நட்டோம். இப்போது லீக்ஸ், கோவா, கரட் எல்லாம் அங்கேதான். பிள்ளைக் காம்பராவுக்கும் அங்கிருந்துதான் போகிறது, மைக் இல்லாமல்.

வீட்டில் நான் எதற்காவது வாதாடத் தொடங்கினால் என் புருஷன், "டிராக்டர்ல டீசல் இருக்கான்னு யாராச்சும் பாருங்க" என்பார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சிரிக்கட்டும். கூரை ஒழுகுகிறது, கான் உடைந்துவிட்டது என்று எதற்காவது நான் ஒப்பீசுக்குப் போனால், துரை இன்றைக்கும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்க்கிறார். அதனால், கொண்டுபோக ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.