சிவன் தலையில் ஒரு வாளித் தண்ணீர்

நெருப்பை நெருப்பென்று எழுதத் துணிவில்லாதவன் நூல்நிலைய வேலைக்கு ஆசைப்படக் கூடாது. இந்த உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஹட்டன் குளிரில், விடியற்காலையில், உடம்பெல்லாம் திருநீறும் தலையில் சணல் சடையுமாக நின்றபோது தெரிந்துகொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் விடிந்தால் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று வேலை வாங்கிக்கொள்கிறவர்கள். நான் மட்டும் தோட்டப் பள்ளிக்கூடம், ஹட்டன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று ஏறி, கொழும்பில் ஒரு சர்வகலாசாலை நூல்நிலையத்தில் தற்காலிக உதவியாளனாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். (உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. புத்தகத் தூசி தட்டுகிறவனுக்கு நாற்காலி கிடையாது.) அம்மா எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்க, "எம் மகன் கொழும்புல புஸ்தகத்துக்கெல்லாம் கங்காணி" என்று சொல்லி வைத்திருந்தாள்.

நூல்நிலையத் தலைவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். பழைய ஏட்டுச் சுவடிகள் மேல் அவருக்கு இருந்த பிரியத்தை மனிதர்கள் மேல் இருந்த பிரியத்தோடு ஒப்பிடுவது முறையல்ல. அந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நூல்நிலையம் வருஷா வருஷம் கொழும்பில் நடத்துகிற கண்காட்சியை மலைநாட்டுக்கும் கொண்டுபோவது. சுவடிகள், பழைய வரைபடங்கள், முகமூடிகள் எல்லாவற்றையும் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் வைப்பது. கூடவே அந்தப் பகுதி மக்களின் கலை ஏதாவது ஒன்றை முற்றத்தில் நடத்துவது.

"தம்பி, நீர் அந்தப் பக்கத்து ஆள்தானே? உங்கட சனத்தின்ர கலை என்ன இருக்கு?"

"காமன் கூத்து இருக்குங்க ஐயா."

"நல்லது. விபரமா எழுதித் தாரும். இதைச் சரியா நடத்திக் காட்டினீரெண்டா, உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நானே மேலிடத்துக்கு எழுதுறன்."

அன்றிரவு நான் எழுதியது என் வாழ்வின் முதல் இங்கிலீஷ் இலக்கியம். மாசி அமாவாசை கழிந்து முற்றத்தில் ஆமணக்கும் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய காமன் கம்பம் நடுவது, ரதி மதன் வேஷம், தப்பு முழக்கம், பாட்டு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பௌர்ணமி வரைக்கும் வந்தபோது பேனா நின்றது. பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். அதாவது கம்பத்தை நட்ட இடத்திலேயே வைத்துக் கொளுத்த வேண்டும். எங்கள் தலைவரோ, நூல்நிலையத்துக்குள் யாராவது 'தீ' என்று எழுத்துக் கூட்டினாலே திரும்பிப் பார்க்கிறவர். நெடுநேரம் யோசித்து, 'இறுதியில் நிறைவுச் சடங்கு நடைபெறும்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

தோட்டத்துக்குப் போய் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் தம்பி அவர். அந்த வருஷம் ரதி வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தார். காரணம் லயத்துக்கே தெரியும். அத்தைக்குப் பிள்ளை தங்காமல் தங்காமல், இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள்.

"நம்ம கம்பத்தை அங்க போயி நடணுமா மாப்ள?"

"ஆமாங்க மாமா. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் பாப்பாங்க."

"நட்டா நட்ட எடத்துலதான் எரிக்கணும். பாதியில புடுங்குனா நேர்ந்தவன் குடும்பத்துக்கு ஆகாது. அதுக்கு உங்க துரை சரின்னாரா?"

"எழுதிக் குடுத்திருக்கேங்க மாமா." (பொய் இல்லை. எழுதித்தான் கொடுத்திருந்தேன்.)

கம்பம் நட்டோம். தலைவர் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று கைதட்டினார். மண்டபத்தில் கணப்பு இருந்தது. சுவடிகளுக்காக அதை மூட்ட விடவில்லை. பல் தந்தியடிக்க வாசலில் நின்று, உள்ளே வருகிறவர்களிடம் தீப்பெட்டியைப் பிடுங்கித் தன் மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். திரும்பிப் போகும்போது கொடுக்க மறந்துவிடுவார். கண்காட்சி பாதி நடப்பதற்குள் அவர் நடந்தால் பையிலிருந்து கிலுகிலுவென்று சத்தம் வரும்.

கூட்டமோ கூட்டம். சாயங்காலம் வேலை விட்டு, தோட்டம் தோட்டமாகச் சனம் இறங்கி வந்தது. முற்றத்தில் கூத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சுவடிகளையும் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்தவளிடம் கேட்டாள்:

"இது என்ன சாமிடி?"

"புஸ்தகமாம்."

"பெறகு எதுக்குப் பூட்டி வச்சிருக்காங்க? கடிக்குமா?"

தலைவர் பூரித்துப் போனார். கொழும்பில்கூட இத்தனை பேர் வந்ததில்லை என்று கண்காட்சியைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் வரை நீட்டினார். என் முதுகில் தட்டினார். கடைசி நாள் சாயங்காலம் அதே முதுகில் தட்டிச் சொன்னார்:

"காலமை லொறி வந்திடும் தம்பி. அதுக்கு முதல் முத்தத்தில நிக்கிற தடியைப் பிடுங்கி எறிஞ்சு போடும்."

"சரிங்க ஐயா."

வெளியே மாமா காத்திருந்தார். "விடியக்காலம் எரிச்சுரணும் மாப்ள. அத்தை பட்டினி கெடக்கா."

"சரிங்க மாமா."

இரண்டு பேருக்கும் சரி சொன்ன வாயோடு, தலைவர் எழுவதற்குள் சத்தமில்லாமல் எரித்து முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். அவர் சுவடிகளுக்குக் காவலாக மண்டபத்திலேயே, மேல்கோட்டையும் கழற்றாமல், கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவார்.

"தப்பை மட்டும் கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்ல முடியுங்களா மாமா?"

"மெதுவா அடிக்கிறதுதான் மாப்ள தப்பு" என்றார் மாமா.

அடுத்த இடி விடியற்காலையில் வந்தது. சிவன் வேஷக்காரர் காய்ச்சலில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தார். விரதம் இருந்த ஆள் வேறு யார் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். கண்காட்சி நடந்த நாளெல்லாம் பயத்திலேயே சோறு இறங்காமல் கிடந்தவன் நான். அதையே விரதமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டையைக் கழற்றித் திருநீறு பூசினார்கள். நெற்றியில் கண் வரைந்தார்கள். சிவனுக்கு மூக்குக் கண்ணாடி ஆகாது என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அது இல்லாமல் எதிரில் நிற்பது மாமாவா மரமா என்று எனக்குத் தெரியாது. மூன்று கண் இருந்தும் ஒன்றும் தெரியாத சிவனாக, கையில் பந்தத்தோடு கம்பத்தை நோக்கி நடந்தேன். தப்பு மெதுவாக ஒலிக்கவில்லை.

மண்டபக் கதவு படாரென்று திறந்தது.

"நெருப்பு! நெருப்பு! ஐயோ, ஏடுகள்!"

ஒரு வெள்ளை உருவம் ஓடிவருவது மட்டும் தெரிந்தது. அடுத்த கணம், இரவெல்லாம் வெளியில் பனி குடித்திருந்த ஒரு வாளித் தண்ணீர் முழுவதும் என் தலையில் இறங்கியது. பந்தம் அணைந்தது. என் இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டி கூழாகியது. மூச்சு உள்ளே போனது; வெளியே வர வழி தெரியவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கங்கை எறங்கிட்டாடா!"

குலவைச் சத்தம் எழும்பியது. தலைவர் காலி வாளியோடு என் முகத்துக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

"தம்பி... நீரோ?"

"ஆமாங்க ஐயா." (கங்கை வழிந்துகொண்டிருந்தபடியால் சரியாகச் சொல்ல வரவில்லை.)

"எரிக்கிறதெண்டு நீர் எழுதேல்லையே!"

"நிறைவுச் சடங்குன்னு..."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காக இன்றைக்கும் என் கண்பார்வைக்கு நன்றி சொல்கிறேன்.

அப்போது மாமா முன்னால் வந்தார். ரதியின் கண்டாங்கிச் சேலை, மை, வளையல், எல்லாவற்றோடும் தலைவரின் காலடியில் மண்டியிட்டார். தப்பு நின்றுவிட்டது.

"ஐயா, எம் பொஞ்சாதி மாசமா இருக்காங்க. இதுக்கு முன்னாடி உண்டானது ஒண்ணும் மண்ணைப் பாக்கலீங்க. இதை எரிக்காம விட்டுட்டு நான் எந்த மொகத்தோட லயத்துக்குப் போவேன்?"

பிறகு தலைவர் திரும்பி மண்டபத்துக்குப் போனார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. கதவைப் பூட்டிவிட்டு, இன்னொரு வாளி நிறையத் தண்ணீரோடு வந்து வாசற்படியில் நின்றார்.

"பத்த வையும்."

"தீப்பெட்டி நனைஞ்சிருச்சுங்க ஐயா."

முற்றத்தில் யாரிடமும் தீப்பெட்டி இல்லை. அத்தனையும் இருந்த இடம் எல்லாருக்கும் தெரியும்; கேட்கத்தான் ஆள் இல்லை. அவர் மேல்கோட்டுப் பைக்குள் கைவிட்டார். கிலுகிலுவென்றது.

"இந்தாரும்" என்றார்.

கம்பம் பற்றிக்கொண்டது. வைக்கோல் வெடித்தது. மாமா ரதியாகத்தான் ஒப்பாரி வைத்தார். ஆனால் அந்த அழுகை முழுவதும் ரதியுடையது அல்ல என்று அங்கிருந்த பெண்கள் அறிந்திருந்தார்கள். அவர்களும் அழுதார்கள். சாம்பல் தணியும் வேளையில் யாரோ என் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். அப்போதுதான் பார்த்தேன். தலைவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் மன்மதனின் நெருப்பில் இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

லொறி வந்தது. பெட்டிகளை ஏற்றினோம். ஏறும் முன் அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"கோபமில்லைத் தம்பி. ஆனா நெருப்பை நிறைவுச் சடங்கெண்டு எழுதிற ஆளிட்ட நூல்நிலையத்தை எப்பிடி நம்பிக் குடுக்கிறது, சொல்லும்?"

மேலிடத்துக்கு அவர் எழுதவில்லை. இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். அங்கே நாற்காலி உண்டு. அத்தைக்குப் பெண் பிறந்தாள். ரதி என்று பேர். வீட்டில் அடுப்பில் சோறு தீய்ந்தால் அம்மா, "இன்னிக்கு நிறைவுச் சடங்கு ஆயிருச்சுடா, சாப்பிட வா" என்கிறாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கங்கை இறங்கின சிவன் ராசியானவன் என்று தோட்டத்தில் முடிவாகிவிட்டது. வருஷா வருஷம் சிவன் வேஷம் எனக்குத்தான். எரிப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரும் என் தலைக்குத்தான். அதையும் முதல் நாளே முகந்து வெளியில் பனியில் வைத்துவிடுகிறார்கள். இந்த மாசியில் அதே நூல்நிலையத்திலிருந்து ஒரு புது உதவியாளர் குறிப்பெடுக்க வந்திருந்தார். தண்ணீர் ஊற்றுவதைக் கண்டு வியந்து, இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்று மாமாவிடம் கேட்டார்.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நடக்குதுங்க" என்றார் மாமா, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திருத்திச் சொல்லியிருக்கலாம், குளிரில் வாய் திறக்கவில்லை.