கொடிக் காக்காவின் கொடியேற்றம்

செடி வளர்ப்பது விற்பதற்கல்ல என்ற கொள்கையோடு செடிக்கடை நடத்தும் ஒரே மனிதர், இந்தக் கல்முனைக் கரையில் எங்கள் கொடிக் காக்காதான். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். தொங்கவிட ஒரு செடி கேட்டுப் போனால் சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி விசாரிப்பார்.

"வெயில் எந்தப் பக்கத்தால வருது? கடக்காத்து அடிக்குமா? ஊட்டுல ஆடு இரிக்கா?"

ஆடு இருக்கிறது என்றால் வியாபாரம் முடிந்தது. "உங்கட ஆட்டுக்கு நான் தீன் வளக்கல்ல. போய்ட்டு வாங்க."

போன வருடம் ஊர் வாட்ஸ்அப் குழுவில், 'நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு நம்ம வாசலில் கொடியேற்றம், எல்லாரும் வாங்க' என்று போட்டார். எங்கள் பக்கத்தில் தர்காவில் கொடி ஏறினால் ஊருக்கே கந்தூரிச் சோறு உண்டு. முப்பது பேர் வாளியோடு போய் நின்றோம். மனிதர் ஏணியில் நின்று வாசல் வளைவில் ரங்கூன் மல்லிக் கொடியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சோறு எங்க காக்கா?"

"கொடிக்கு என்ன சோறு? சாணி போட்டாச்சி."

இந்த ஆளை நம்பித்தான் நானும் கெட்டேன். மகளுக்குக் கட்டிய வீட்டின் மதிலைப் பூசி முடிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு இரண்டே மாதம். மாப்பிள்ளை வீட்டார் வெறுங்கல்லைப் பார்த்து என்ன கதைப்பார்களோ என்று என் மனைவிக்கு உறக்கமில்லை.

"சட்டெண்டு படர்ற கொடி ஒண்டு தாங்க காக்கா."

"சட்டெண்டு படர்றது சட்டெண்டு உங்கட கூரை ஓட்டையும் தூக்கும். போகன்வில்லா வைங்க. தண்ணிய கண்டபடி ஊத்தாதீங்க, பட்டினி கிடந்தாத்தான் பூக்கும்."

மடையன் நான், கேட்டேன். கல்யாண வாரத்தில் அது முழங்காலளவு நின்றது. பூ இல்லை. முள்ளுக்கு மட்டும் குறைவில்லை. வாய்க்கு வந்தபடி அவரை ஏசினேன்.

கல்யாணத்தன்று காலையில் வாசலில் ஒரு லேண்ட் மாஸ்டர் உழவு மெஷின் வந்து நின்றது. பின்பெட்டி நிறையத் தொட்டிகள். அவர் வீட்டு வாசலில் தொங்கியவை, படர்ந்தவை, ஒருவருக்கும் விற்காதவை எல்லாம். மதில் நீளத்துக்கும் காக்காவே கொழுவிவிட்டார். ஒரு கல் தெரியவில்லை.

"இது இரவல் தம்பி. கல்யாணம் முடிஞ்சதும் திருப்பித் தரணும்."

மாப்பிள்ளை அந்த மதிலோரம் நின்றுதான் படம் எடுத்தார். "சாயாதீங்க மாப்பிள, இலை நசியிது" என்று அங்கேயும் ஒரு சத்தம்.

ஆறு மாதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வருவார். இலை இலையாகத் தடவிப் பார்ப்பார், என்னை ஏசுவார், பால் போடாத பிளேன்டி ஒன்று குடித்துவிட்டுப் போவார். தொட்டிகளை அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. கொடுத்துவிட்டால் மனிதர் வரமாட்டாரே.