பரீட்சை நாளில் வெற்றிலை மாற்றுவது பற்றி மச்சானுக்கு

சோழவந்தான்,
செவ்வாய்க்கிழமை, வெற்றிலை லோடு ஏற்றிவிட்ட பிறகு.

மதிப்பும் மரியாதையும், கூடவே கொஞ்சம் பயமும் உள்ள மச்சான் அசோக்குமார் அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் மொக்கைச்சாமி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தங்கச்சி சின்னத்தாயும் மகள் பவதாரிணியும் வெற்றிலைக் கொடிக்காலும் சுகம். செக்கானூரணியில் நீங்களும் அக்காவும் உங்கள் இடுப்பு வலியும் சுகமாக இருக்க அழகரை வேண்டுகிறேன். கையில் போன் இருக்க இந்த ஆள் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் “மச்சான்” என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அரை மணி நேரம் பேசிவிடுகிறீர்கள். மிச்ச நேரத்துக்கு உங்கள் தங்கச்சி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடுதாசியில்தான் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டாக வேண்டும். அஞ்சாங்கிளாஸ் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் பார்த்த நாகமலை புதுக்கோட்டை மாப்பிள்ளை சோலைராஜ் வீட்டார் வருகிற ஞாயிறு காலை வெற்றிலை பாக்கு மாற்ற வருவதாக முடிவு செய்துவிட்டீர்கள். தாய்மாமன் முடிவு. பையனையும் குறை சொல்ல முடியாது. தனியார் கம்பெனியில் வேலை, சிகரெட் கிடையாது, மீசைதான் வயசுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் அதே ஞாயிறு காலையில்தான் ஒத்தக்கடையில் ஒரு காலேஜில் பவதாரிணிக்கு குரூப் டூ பரீட்சை. போன தடவை இரண்டே கேள்வியில் போயிற்று. இது மூன்றாவது தடவை. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, அதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும். “படிச்சதெல்லாம் போதும்” என்று மாப்பிள்ளையின் அப்பா இப்போதே சொல்லிவிட்டார். அதனால் ஒரே ஒரு வாரம் தள்ளி வையுங்கள் மச்சான்.

ஒரு காலைப்பொழுது பரீட்சைக்கா இம்புட்டு என்பீர்கள். அதற்காக இந்தக் குடும்பம் பட்ட பாட்டைக் கேளுங்கள். வீட்டில் உங்கள் தங்கச்சி டிவி சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று பிள்ளை அரசியலமைப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொடிக்கால் கொட்டகைக்கு வந்துவிட்டாள். அங்கே இருளாயியும் மீனாவும் வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி அடுக்குகிறார்கள். இவளுக்கோ சட்டப் பிரிவை நம்பரோடு சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். இருளாயி நாற்பத்திரண்டாவது வெற்றிலையை எடுத்து வைக்கும்போது இவள் “எழுபத்தாறு, தலைமை வழக்குரைஞர்” என்றாள், இருளாயி எழுபத்தேழிலிருந்து மேலே போய்விட்டாள். மீனா தொண்ணூறில் இருக்கும்போது “பதினேழு, தீண்டாமை ஒழிப்பு” என்றாள், மீனா பதினெட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். எனக்கு எதுவும் தெரியாது, லோடு மதுரைக்குப் போய்விட்டது. மறுநாள் வெற்றிலைக் கடை பாதுஷா பாய் போன் போடுகிறார்.

“என்னண்ணே, ஒரு கவுளில அறுபத்தாறு இருக்கு, இன்னொண்ணுல நூத்தி எழுபத்திமூணு இருக்கு. எந்த ஊர்க் கணக்குண்ணே இது?”

“அரசியலமைப்புக் கணக்கு பாய்.”

“அப்ப சீக்கிரம் ஒரு திருத்தம் கொண்டு வாங்க. இங்க கல்யாண வீட்டுக்காரங்க வந்து சண்டைக்கு நிக்கிறாங்க.”

கொட்டகையில் இனிமேல் வாய்க்குள்தான் படிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தேன். அது நிறைவேறவில்லை, ஏனென்றால் இருளாயியே எதிர்த்தாள். பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாதிச் சட்டம் மனப்பாடம். ஒரு நாள் டீ வந்த நேரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“ஏண்ணே, சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமமா, இல்லையா?”

“சமந்தான் இருளாயி.”

“அப்ப கொடி கட்டுற ஆம்பளையாளுக்கு டீயும் வடையும், எங்களுக்கு மட்டும் வெறும் டீயா? பதினாலு என்னண்ணே சொல்லுது?”

நான் பவதாரிணியைப் பார்த்தேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, “பதினஞ்சும் அதத்தான்ப்பா சொல்லுது” என்கிறாள். பெற்ற பிள்ளை மச்சான். அன்றிலிருந்து எல்லாருக்கும் வடை. நியாயமாகப் பார்த்தால் முன்பே கொடுத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

சிரிக்கிற கதை இதோடு முடிந்தது, அடுத்தது அப்படி இல்லை. சாயங்காலம் மாதிரி வினாத்தாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் கேள்வி கேட்பேன், அவள் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டே சொல்வாள், பின்பக்கத்தில் விடையைப் பார்த்து நான் சரி, தப்பு சொல்வேன். அஞ்சு நாள் தொடர்ந்து எல்லாமே தப்பு. பானிபட் தப்பு, பஞ்சாயத்து ராஜ் தப்பு, ஆளுநர் தப்பு. பிள்ளை முகம் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வந்தது. ஆறாம் நாள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டு, “எனக்கு ஒண்ணுமே நிக்கலப்பா. மாமா சொல்றபடி கல்யாணமே பண்ணிக்கிறேன்” என்றாள். உங்கள் தங்கச்சிகூட டிவியை அணைத்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சரி, கடைசியாக ஒரு கேள்வி என்று கேட்டேன். தேசியக் கொடியில் அசோகச் சக்கரத்துக்கு எத்தனை ஆரம்? அவள் இருபத்து நாலு என்றாள். விடையில் முப்பத்திரண்டு என்று இருக்கிறது. மச்சான், அது எனக்கே தெரியும். உங்கள் பேரில் உள்ள சக்கரம், ஒரு ஆரம் குறைத்து வரைந்ததற்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான். அப்புறம்தான் புரட்டிப் பார்க்கிறேன், கேள்வி இரண்டாம் தொகுதி, நான் பார்த்த விடையெல்லாம் மூன்றாம் தொகுதி. உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி திருத்தினால் நூற்றுக்கு எண்பத்தெட்டு சரி. பிள்ளை “அப்பா...” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதைச் சொன்ன விதம் கடுதாசியில் எழுத வராது.

இப்படித் தேறி எழுந்த நேரத்தில்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. வீட்டில் சட்டம் தெரிந்த ஒரே ஆளிடம் யோசனை கேட்டேன்.

“ஏத்தா, ஜனாதிபதிக்கு ஒரு மசோதா பிடிக்கலன்னா என்ன செய்வாரு?”

“ஒரு தடவ திருப்பி அனுப்பலாம்ப்பா. அதே மசோதா மறுபடி வந்துட்டா ஒப்புதல் குடுத்தே ஆகணும்.”

போன வாரம் “யோசிங்க மச்சான்” என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினேன். நீங்கள் அப்படியே மறுபடி அனுப்பிவிட்டீர்கள்.

“வேற வழியே இல்லையா?”

“மொதல்ல வந்தப்பவே சம்மதமும் சொல்லாம, திருப்பியும் அனுப்பாம பேசாம வச்சிருக்கலாம். அதுக்குக் காலக்கெடுவே கிடையாது.”

“இத முன்னாடியே சொல்ல மாட்டியா?”

“நீங்க கேக்கலயேப்பா.”

ஆக, சட்டப்படி எனக்கு எல்லா வழியும் அடைபட்டுப் போனது. அதனால்தான் சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மச்சானிடம் வந்து நிற்கிறேன். பாஸாகிறாளோ இல்லையோ, அன்று அந்தப் பெஞ்சில் அவள் உட்கார வேண்டும். இரண்டு கேள்வியை நினைத்து நினைத்து இரண்டு வருஷமாக அவள் தூங்கியதில்லை. அதை நான் பார்த்திருக்கிறேன், நீங்கள் பார்த்ததில்லை, உங்கள் மேல் குற்றமில்லை.

அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் இடுப்புக்குத் தைலமும், வாய்க்குக் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளியும் மீனாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கவுளி சரியாக நூறு, நானே எண்ணினேன். உங்கள் வீட்டில் எல்லாரும் பல்லாண்டு இருக்க வேண்டும், உங்கள் கோபம் மட்டும் சனிக்கிழமைக்குள் இறங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியைச் சமாளித்துக்கொண்டிருக்கும்
மொக்கைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பவதாரிணி கடுதாசியை வாங்கி, பதினொரு பிழை திருத்திவிட்டுச் சிரிக்கிறாள். “மாமாவுக்கு எதுக்குப்பா இம்புட்டு நீளமா? நான் நேத்தே சோலைராஜுக்குப் போன் போட்டு, ஞாயித்துக்கெழம எனக்குப் பரீட்சை, இருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அவரு எந்த சென்டருன்னு கேட்டாரு. அவருக்கும் அதே பரீட்சை, அதே ஒத்தக்கடைதானாம். அவங்க வீட்டுல சொல்லப் பயந்துக்கிட்டு இருக்காராம்.” ஆகவே மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிறு காலை பெண்ணும் இருக்க மாட்டாள், மாப்பிள்ளையும் இருக்க மாட்டார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் இதைப் போய்ச் சொல்வதற்கு இரண்டு பேருமாகப் பேசி உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒருமனதாக.