ஒங்கட நிய…

“புஷ்பம், ஒங்கட நிய…” என்றதோடு போன் அறுந்தது. திருப்பி எடுத்தால் சிக்னல் இல்லை.

பேசியது தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் நிஸார். அந்த ஆபீசில் பாதி தமிழ், பாதி சிங்களம். சிங்களத்தில் நிய என்றால் நகம். புஷ்பம் தன் கை நகங்களைப் பார்த்தாள்.

“சுகந்தினி, கிளாக்கரையா நகத்தப் பாத்துட்டாரு.”

“நேத்து பௌர்ணமி, போயா லீவாச்சே அண்ணி. எப்படிப் பாத்தாரு?” என்றாள் நாத்தனார்.

“ஸ்டேட்டஸ் போட்டேனே.”

பார்த்தவர்கள் வரிசையில் முதல் பெயரே நிஸார்.

பத்து நகத்திலும் பத்துப் படம். ஈர்க்குச்சியில் கியூட்டெக்ஸ் நகப்பூச்சுத் தொட்டு நேற்றுப் பகல் முழுக்க வரைந்தது. கொழுந்து, கூடை, கொக்கு, பெருவிரலில் சிவனொளிபாதமலை. இடது கையால் வரைந்தவற்றில் ஆடு மட்டும் நாய் மாதிரி வந்துவிட்டது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை கேட்டு மனுக் கொடுத்து இரண்டு வருஷம். அங்கே சுவரில் வரைய நினைத்திருந்ததெல்லாம் நகத்தில் ஏறிவிட்டது.

தேயிலை ஸ்டோரில் புஷ்பத்தைப் போலத் தூள் சலிக்கிற பெண்களுக்குக் கியூட்டெக்ஸ் கூடாது. போன மாதம் சிவப்பு நகத்தோடு வந்த ஒருத்தியை மறுநாளே மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். புஷ்பத்தின் முழங்காலுக்கு மலை ஏலாது.

போன் ஒரு தரம் சிணுங்கியது. நிஸாரின் மெசேஜ்: ‘பத்து மணிக்கு ஆபீசுக்கு வரவும். மிஸ் ஒருவரும் வருகிறார்.’

“அழிக்கிற தண்ணி இருக்கா?”

“அதுக்குத் தெரணியகலை டவுனுக்குப் போகணும் அண்ணி. மண்ணெண்ண போட்டுப் பாப்போம்.”

படம் போகவில்லை. மலை எது, ஆடு எது என்று தெரியாமல் கலங்கின. வாடை மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

“தேயில வாடைய இழுக்குமேடி. தொட்ட மூட்டையெல்லாம் மணக்குமே.”

வாடைக்குத் தேசிக்காய் வெட்டிப் புளிச்சாறு தேய்த்தார்கள். நகக்கண் எரிந்தது. கடைசியில் பிளேடால் சுரண்டினார்கள். படம் போனது, கூடவே இரண்டு விரலில் தோலும் போனது. சுகந்தினி பழைய வேட்டியைக் கிழித்துப் பத்து விரலிலும் சுற்றினாள்.

“கேட்டா என்னா சொல்ல?”

“சுடுதண்ணி ஊத்திருச்சுன்னு சொல்லுங்க.”

“பத்து வெரல்லயும் அளந்தா ஊத்துச்சு?”

ஆபீசில் நிஸாரின் பக்கத்தில் தெரியாத பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்குமுன்னே புஷ்பம் கையை உயர்த்தினாள்.

“சுடுதண்ணிங்க ஐயா.”

நிஸார் மூக்கைச் சுருக்கினார். “மண்ணெண்ண மணக்குதே.”

“அடுப்புல வச்ச தண்ணிங்க.” அவள் கட்டுப் போட்ட கைகளைக் கூப்பினாள். “நகத்துல ஒண்ணுமில்லீங்க ஐயா, எல்லாத்தயும் சொரண்டிட்டேன். மலைக்கு மட்டும் அனுப்பிறாதீங்க.”

நிஸார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு விரல்களில் இருந்த பத்துத் துணிக்கட்டுகளையும் பார்த்தார்.

“ஒங்கட நியமனம் வந்திருக்குன்னு சொல்லத்தான் போன் எடுத்தேன் புஷ்பம். பிள்ளைக் காம்பராவுக்கு ஆளெடுக்கிற மிஸ் இவங்க, நான் அனுப்பின ஒங்கட நகப் படத்த நேர்ல பாக்கணும்னு வந்திருக்காங்க.”