நியூயோர்க் வென்றால் கலியாணம்

"நியூயோர்க் தோத்துப்போச்சு மச்சான்."

தக்காளி வெட்டிக்கொண்டிருந்த எமிலியானுஸின் கத்தி பாதி வழியில் நின்றது.

"எந்த நியூயோர்க்? போன வருசம் எல்லாரையும் வெண்ட நியூயோர்க்கோ?"

"அதேதான். முதல் ஆட்டத்திலயே சிக்காகோக்காரன் போட்டு மிதிச்சுப்போட்டான்" என்றான் தேவதாசன், இறைச்சியைப் புரட்டிக்கொண்டே.

"அப்ப முதலாளி?"

"கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருக்கிறார். கோப்பி கொண்டுபோன பெட்டையைப் பார்த்து உறுமினாராம்."

எமிலியானுஸ் மிச்சத் தக்காளியை எதிரியை வெட்டுவதுபோல வெட்டினான்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழு, செப்டம்பர் மாதம். மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஸ்டேக் உணவகத்தின் குசினி. அகதியாக வந்து இரண்டு வருடமாகியும், எமிலியானுஸுக்கு அமெரிக்கன் ஃபுட்போலோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஒருவன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலடி ஓடுவான். அவன்மேல் ஏழு பேர் விழுவார்கள். பிறகு இரண்டு பேர் சங்கிலி கொண்டுவந்து, எல்லைச் சண்டைக்காரர் காணி அளப்பதுபோல அளப்பார்கள். இவ்வளவுதான் அவன் அறிந்த ஃபுட்போல்.

ஆனால் அவனுடைய கலியாணம் அந்தச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒக்டோபர் இருபத்துநாலு, சனிக்கிழமை, அவனுக்கும் எலிசாவுக்கும் கோவிலில் கைப்பிடி. சனிக்கிழமை என்றால் அந்த உணவகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. லீவு என்ற சொல்லைக் கேட்டாலே முதலாளி காதைப் பொத்துவார். பற்றிக் என்று பெயர். அவர் மனம் இளகுகிற ஒரே வேளை, நியூயோர்க் அணி வென்ற மறுநாள். போன குளிர்காலம் முழுக்க அது வென்றது. அவரும் குசினிக்குள் விசிலடித்துக்கொண்டு வந்து எல்லாருடைய முதுகிலும் தட்டினார்.

எமிலியானுஸின் அப்பர் திருகோணமலைக் கடைத்தெருவில் சீத்தைத் துணி விற்றவர். கொழும்பு மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பதென்றால் அவர் அவசரப்படமாட்டார். மனுசன் சாப்பிட்டானா, நித்திரை கொண்டானா, மகளுக்குச் சுகமா என்று சுற்றிச் சுற்றி வருவார். முகம் மலர்கிற அந்த ஒரு கணத்தில் டக்கென்று கேட்பார். அந்த வித்தை மகனுக்கும் ஊறியிருந்தது. நியூயோர்க் வெல்லட்டும், கேட்போம் என்று இருந்தான். வெல்லாது என்று யார் கண்டது?

இதற்குள் ஒரு பொய்யையும் சொல்லிவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் கோவில் வாசலில் நிற்கும்போது, எலிசாவின் தாய் யோசெப்பின் நேரே வந்தாள். தூரத்துப் பியர்பொன்ட்ஸில் மூத்த மகன் வீட்டில் இருப்பவள். பஸ்ஸும் மெட்ரோவும் மாறி வந்த களைப்பு அவளுடைய நாக்கில் மட்டும் தெரியாது.

"தம்பி, லீவு கேட்டாச்சோ?"

"அதெல்லாம் எப்பவோ கிடைச்சிட்டுது மாமி. முதலாளி கையைப் பிடிச்சு வாழ்த்தினவர்."

"நல்லது. முந்திப் பேசின மாப்பிள்ளையும் வேலை, வேலையெண்டு ரெண்டு தரம் நாளைத் தள்ளினவர். மூண்டாந்தரம் நான் மாப்பிள்ளையையே தள்ளிப்போட்டன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எமிலியானுஸ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அதே குசினியில் சட்டி கழுவும் மரியதாசன் பக்கத்தில் நின்று, சனிக்கிழமை லீவு வாங்கிய மனிதனை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஆட்டம் டலஸோடு. மயிரிழையில் தோல்வி.

"ரெண்டே ரெண்டு புள்ளி மச்சான்" என்றான் தேவதாசன். குசினித் தமிழருக்குள் ஃபுட்போல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எமிலியானுஸின் பொய்யை அறிந்தவனும் அவன் ஒருவன்தான்.

"ரெண்டு புள்ளியை ஆரும் கடனாக் குடுக்கேலாதோ?"

"இது என்ன, உங்கட அப்பற்ற கடையே? பேசாமல் உண்மையைச் சொல்லி நாளை மாத்து."

"நாளை மாத்தினால் மாமி என்னை மாத்திப்போடுவா. நியூயோர்க் வெல்லும். நான் விடமாட்டன்."

முதலாளிக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று எமிலியானுஸ், சென்ட் கத்தரின் தெருவில் நியூயோர்க் அணியின் நீலத் தொப்பி ஒன்றை வாங்கி, மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். வாசலில் பற்றிக் எதிர்ப்பட்டார். தொப்பியைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே மலர்ந்திருந்த முகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பார்த்தால் உனக்குப் பகிடியாக இருக்கிறதா?"

அன்றைக்கே எமிலியானுஸ் தக்காளி மேசையிலிருந்து சட்டித் தொட்டிக்கு இறக்கப்பட்டான். பக்கத்தில் மரியதாசன். வாய் பேசாத பிறவி. நாள் முழுக்க நீராவிக்குள் நின்று கழுவுவான். எப்போதாவது ஒரு கேள்வி வரும்.

"அண்ணை, கலியாணத்துக்குக் கோட்டோ, வேட்டியோ?"

"கோட்."

"முதலாளி உங்களுக்கு நல்ல மாதிரி என்ன? லீவெல்லாம் தந்து..."

"சட்டியைக் கழுவு மரியதாசன்."

மூன்றாவது கிழமை தோல்வி இல்லை. ஆட்டமும் இல்லை.

"ஸ்ட்ரைக்காம்" என்றான் தேவதாசன். "விளையாட்டுக்காரர் எல்லாரும் வேலைநிறுத்தம்."

"பந்து பிடிக்கிறவனும் ஸ்ட்ரைக்கோ? இவங்களுக்கு என்ன, சட்டியே கழுவத் தந்தது?"

"மெல்லக் கதை. முதலாளி கொதிச்சுக்கொண்டு நிக்கிறார்."

உண்மைதான். அன்று பற்றிக் குசினி நடுவில் நின்று பிரசங்கம் செய்தார். உலகம் கெட்டுவிட்டது. ஆளுக்காள் உரிமை கேட்கிறான். "இங்கே ஒருவன் அது வேண்டும் இது வேண்டும் என்று வாயைத் திறந்தால் அவனும் ஸ்ட்ரைக்காரன்தான். கதவு அந்தப் பக்கம்!" என்று விரலை நீட்டினார். விரல் நீண்ட திசையில் எமிலியானுஸ் நின்றிருந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த கிழமை அணி முதலாளிமார் மாற்று ஆட்களைப் பிடித்துச் சீருடை மாட்டி மைதானத்துக்குள் விட்டார்கள். பெயர் மட்டும் நியூயோர்க். உள்ளே ஓடினவர்களை ஒருவருக்கும் தெரியாது. எதிரே சான் பிரான்சிஸ்கோ. இனி மனித உதவி போதாது என்று எமிலியானுஸ் கண்டுகொண்டான். மலைமேலுள்ள சென்ட் ஜோசப் கோவிலுக்குப் போய், கால் ஏலாதவர்களும் குழந்தை வரம் கேட்பவர்களும் ஏறுகிற மரப்படிகளில் முழங்காலால் ஏறினான். பக்கத்துப் படியில் செபமாலையோடு ஏறிய பிரெஞ்சுக் கிழவி பரிவோடு கேட்டாள், யாருக்குச் சுகமில்லை என்று.

"நியூயோர்க்குக்கு" என்றான்.

சான் பிரான்சிஸ்கோ நாற்பத்தொரு புள்ளி அடித்தது.

மறுநாள் முழங்கால் இரண்டும் பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன. நொண்டிக்கொண்டு போனவனை முதலாளி மறித்தார்.

"காலுக்கு என்ன?"

"ஒன்றுமில்லை சேர்."

"எனக்குத் தெரியும். இன்றைக்குக் கால், நாளைக்கு டொக்டர், பிறகு லீவு."

"லீவா? எனக்கா?" எமிலியானுஸின் நாக்கு அவனைக் கேட்காமலே ஓடத் தொடங்கிவிட்டது. "எனக்கு லீவே வேண்டாம் சேர். எந்த நாளும் வருவேன். எந்தச் சனிக்கிழமையும் வருவேன்!"

பற்றிக்கின் முகத்தில், அந்தப் பருவத்திலேயே முதல் தடவையாக, ஒரு புன்னகை தோன்றியது.

"நல்ல பையன். இருபத்துநாலாம் தேதி எனக்கு ஆள் குறைவு. திறந்ததிலிருந்து பூட்டும்வரை நீதான்."

எமிலியானுஸ் தொட்டிக்குத் திரும்பி, கழுவிய சட்டியையே மறுபடி கழுவினான். தேவதாசன் விசயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அவர் சிரிச்ச நேரம் பார்த்துக் கேட்டிருக்கலாமே விசரா! இவ்வளவு நாளும் அதுக்குத்தானே காவல் இருந்தனி?"

"அவர் சிரிச்சதே நான் வாறன் எண்டதுக்குத்தானேடா!"

ஐந்தாவது கிழமை வாஷிங்டன், நியூயோர்க்கின் சொந்த மைதானத்திலேயே வந்து வெளுத்துவிட்டுப் போனது. அடுத்த நாள் கனடா முழுக்க நன்றி சொல்லும் திருநாள். நன்றி சொல்ல ஒன்றுமில்லாத இரண்டு பேர் அந்த உணவகத்தில் இருந்தார்கள். ஒருவர் முதலாளி.

யோசெப்பினிடமிருந்து தொலைபேசி. "தம்பி, உம்மட முதலாளியையும் கலியாணத்துக்குக் கூப்பிடவேணும். நல்ல மனுசன். நானே வந்து சொல்லட்டோ?"

"வேண்டாம் மாமி! அவர்... அவருக்கு இப்ப வீட்டில ஒரு துக்கம்."

"ஐயோ, ஆர் செத்தது?"

"இன்னும் சாகேல்ல மாமி. இழுத்துக்கொண்டு கிடக்கு."

கலியாணத்துக்கு முந்தின கடைசி ஞாயிறு வந்தது. எதிரே பஃபலோ. எளிய அணி, இவர்களையும் வெல்லாவிட்டால் பிறகு எவரை வெல்வது என்றான் தேவதாசன். இருவரும் அவனுடைய அறையில், அலுமினியக் கம்பி சுற்றிய டீவி முன்னால் உட்கார்ந்தார்கள். பந்து கை நழுவியது. தூக்கினார்கள். மறுபடி நழுவியது. கோழி பிடிக்கத் தெரியாதவர்கள் முற்றத்தில் கோழி பிடிப்பதுபோல இருந்தது. நேரம் முடிந்தும் சமநிலை. மேலதிக நேரம் கொடுத்தார்கள். அதில் பஃபலோக்காரன் ஒருவன் வந்து, காலால், ஒரே ஒரு உதை. அதோடு நியூயோர்க்கின் கதை முடிந்தது.

எமிலியானுஸ் எழுந்து டீவியை நிறுத்தினான். அதற்குப் பிறகு அவன் முகத்தில் இருந்தது கவலை இல்லை.

"போதும்" என்றான். "இவங்களை நம்பினால் எனக்குக் கலியாணமில்லை, கருமாதிதான்."

திங்கட்கிழமை முன்மண்டபத்தில், வெறும் மேசைகளுக்கு நடுவில், பற்றிக் தலையைக் கைகளில் தாங்கியபடி இருந்தார். எமிலியானுஸ் ஏப்ரனைக் கழற்றி அவர் முன்னால் மேசையில் வைத்தான். குசினிக் கதவில் தலைகள் அடுக்கடுக்காகத் தோன்றின.

"சேர், சனிக்கிழமை நான் வரமாட்டேன்."

பற்றிக் நிமிரவில்லை. "ஸ்ட்ரைக்கா?"

"கலியாணம். எனக்கு. நியூயோர்க் வென்றாலும் கலியாணம், தோற்றாலும் கலியாணம். உங்கள் ஆட்கள் இனி உயிருள்ளவரை தோற்கட்டும், நான் அதுவரைக்கும் பிரம்மச்சாரியாக இருக்க ஏலாது. ஜ மெ மரி!" ஆங்கிலத்தில் தொடங்கி, நான் கலியாணம் கட்டுகிறேன் என்று இரவு வகுப்பில் படித்த பிரெஞ்சுக்குள் பாய்ந்து, தமிழில் வந்து முடித்தான்: "செய்யிறதைச் செய்யும்!"

குசினிக் கதவில் யாரோ கை தட்டி நிறுத்தினார்கள். பற்றிக் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். கண்கள் சிவந்திருந்தன.

"இதை ஏன் முதலே சொல்லவில்லை?"

"நீங்கள் வெல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

"நானும் அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் பற்றிக். "ஆனால் சட்டம் சட்டம்தான். ஒரு சனிக்கிழமைக்கு ஒருவனுக்குத்தான் லீவு. அந்தச் சனிக்கிழமையை ஒருவன் எப்போதோ வாங்கிவிட்டான். அவன் விட்டுத்தந்தால் நீ போகலாம். இல்லாவிட்டால் நீ வரவேண்டும்."

"வரமாட்டேன்."

"வேலை போகும்."

"போகட்டும். சட்டி எங்கேயும் இருக்கு. பொம்பிளை ஒண்டுதான்." அது தமிழில் வந்தது. அவருக்கு விளங்கியிருக்காது, குரல் விளங்கியது. "ஆர் சேர் அவன்? பெயரைச் சொல்லுங்கள்."

பற்றிக் குசினியின் பின்பக்கத்தை நோக்கித் தாடையை அசைத்தார்.

எமிலியானுஸ் சேர்ட் கையை மடித்துக்கொண்டு போனான். வழியில் நின்ற தேவதாசன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நீராவிக்குள் மரியதாசன் பெரிய சட்டியொன்றுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்! இருபத்துநாலாம் திகதி லீவு எடுத்தது நீயோடா?"

"ஓமண்ணை."

"என்ன தலைபோற அலுவலடா உனக்கு அண்டைக்கு?"

மரியதாசன் சட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்து, கையைத் துடைத்து, வெட்கத்தோடு சிரித்தான்.

"என்னண்ணை இப்பிடிக் கேக்கிறியள், உங்கட கலியாணத்துக்கு வாறத்துக்குத்தான், சிக்காகோவிட்டத் தோத்த அண்டைக்கே போய்க் கேட்டனான், மனுசன் இருந்த கவலையில தலை நிமிராமலே ஓமெண்டிட்டார்!"